கை பழகிய விசைக்கு நேர்மாறான பொருள்: வடிவமைப்பு மென்பொருள்களில் கேட்காமல் வரும் மாற்றங்கள்

கோடும்வண்ணமும் (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். திருமண ஆல்பம், அழைப்பிதழ் வடிவமைப்பில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். நெடுநாளாக மனத்தில் கிடந்த ஒன்றை இன்று விரிவாக எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படம் திருத்தும் மென்பொருளான ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டுமென்றால் கன்ட்ரோல்-டி அழுத்தி, ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு மூலையை இழுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் தலைமுறை கற்ற முதல் பாடம். ஷிஃப்டைப் பிடித்தால் நீள அகல விகிதம் காக்கப்படும். விட்டுவிட்டால் முகம் நசுங்கும் அல்லது நீளும். என்னிடம் தொழில் பழக வந்த பிள்ளைகளுக்கு, மௌஸைத் தொடுவதற்கு முன்பே இடக்கைச் சுண்டுவிரலை ஷிஃப்டின் மேல் வைக்கத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். 2018 அக்டோபரில் வெளியான ஃபோட்டோஷாப் சிசி 2019 பதிப்பில் இந்த விதி தலைகீழானது. ஷிஃப்ட் இல்லாமல் இழுத்தால் விகிதம் காக்கப்படும், ஷிஃப்டைப் பிடித்தால் விகிதம் குலையும் என்று ஆயிற்று.

இதில் என்னை உறுத்துவது எது என்பதைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஒரு விசை வேலை செய்யாமல் போனால் அது உடனே தெரிந்துவிடும். நாமும் நிறுத்திவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்ப்போம். அதே விசை எதிர்மாறாக வேலை செய்தால், எந்தத் தவறைத் தடுக்க விரல் அங்கே போனதோ அந்தத் தவற்றையே விரல் செய்துவிடுகிறது. ஒரு முகம் நூற்றுக்கு இருபது பங்கு நீண்டால் யாருக்கும் தெரியும். மூன்று பங்கு நீண்டால் திரையில் தெரியாது. அச்சான பிறகு, மணமகளின் தாயார் ஆல்பத்தைப் புரட்டும்போதுதான் தெரியும்.

அதே பதிப்பில் கன்ட்ரோல்-இசட் விசையின் பொருளும் மாறியது. அதற்கு முன்பு அந்த விசை கடைசியாகச் செய்த ஒரு செயலை நீக்கும். மறுமுறை அழுத்தினால் அதையே திரும்பக் கொண்டுவரும். முகத்தில் ஒரு தழும்பை மங்கச் செய்துவிட்டு, கன்ட்ரோல்-இசட்டை இரண்டு மூன்று முறை தட்டி, முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று கண்ணால் ஒப்பிட்டுப் பார்ப்பது படம் திருத்துவோரின் அன்றாட வழக்கம். புதிய முறையில் மூன்று முறை தட்டினால் மூன்று செயல்கள் பின்னோக்கிப் போய்விடும். ஒப்பிடும் அந்தப் பழைய வேலை கன்ட்ரோல்-ஆல்ட்-இசட்டுக்கு இடம் பெயர்ந்தது. முன்பு பல படிகள் பின்னே போகப் பயன்பட்ட விசை அதுதான். அதாவது இரண்டு விசைகளும் தம் வேலையை ஏறத்தாழ இடம் மாற்றிக்கொண்டன.

மாற்றமே கூடாது என்பது என் வாதமன்று. புதிய வசதி வரட்டும், புதிய விசையில் வரட்டும். பல லட்சம் பேரின் விரல்களில் ஏற்கெனவே ஒரு பொருளோடு பதிந்துவிட்ட விசையை எடுத்து, அதற்கு எதிர்ப்பொருள் கொடுப்பதைத்தான் எதிர்க்கிறேன். வேறு துறைகளில் இருப்பவர்களின் பட்டறிவை அறிய விரும்புகிறேன்.

வரைபடக்காரன்

அண்ணா, உங்கள் பதிவை எங்கள் அலுவலகத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். கட்டட வரைபடத் துறையில் எங்களுக்கும் இதற்கு ஒப்பான ஒன்று நிகழ்ந்தது.

வரைபடம் வரையும் மென்பொருளான ஆட்டோகேடில் கோடுகளை வெட்டி நீக்குவதற்கு ட்ரிம் என்ற கட்டளை உண்டு; டி, ஆர் என்ற இரண்டே எழுத்துகளில் அதை அழைக்கலாம். எந்தக் கோட்டை எல்லையாகக் கொண்டு வெட்டுவது என்று அது முதலில் கேட்கும். எல்லாக் கோடுகளையும் எல்லையாகக் கொள் என்பதற்கு அங்கே வெறுமனே என்டர் தட்டினால் போதும். ஆகவே டி-ஆர்-என்டர்-என்டர் என்பது எங்களுக்கு ஒரே சொல்லைப் போல, ஒரே மூச்சில் விழும் தட்டல். ஆட்டோகேட் 2021 பதிப்பில் ‘குவிக்’ என்ற முறை இயல்பு நிலையாக்கப்பட்டது. எல்லைக்கோட்டைக் கேட்காமலேயே, தொட்ட கோட்டை அது வெட்டிவிடும். முறை நல்ல முறைதான். ஆனால் பழக்கத்தில் தட்டும் அந்த இரண்டாவது என்டர், இப்போது கட்டளையையே முடித்துவிடுகிறது. பிறகு நாம் வெட்டுவதாக நினைத்துக் கோட்டின் மேல் சொடுக்கினால், கோடு வெட்டப்படுவதற்குப் பதிலாகத் தேர்வாகி நிற்கும்.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருளில் ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட் என்று ஒரு மாறி, அதாவது மதிப்பை மாற்றக்கூடிய ஓர் அமைப்பு, இருக்கிறது. அதைக் கட்டளை வரியில் தட்டி 0 என்று கொடுத்தால் பழைய முறை அப்படியே திரும்பிவிடும். ஒன்றையே வரிசையாகப் பல படிகள் எடுக்கும் அரே கட்டளையின் பழைய உரையாடல் பெட்டி 2012 பதிப்பில் மறைந்தபோது, பலர் முறையிட்ட பிறகு அரேகிளாசிக் என்ற பெயரில் அது மீண்டு வந்தது. 2020 பதிப்பில் பிளாக்குகளை (மீண்டும் மீண்டும் பயன்படும் தொகுப்பு வரைபடங்களை) செருகும் பெட்டி மாறியபோதும் கிளாசிக்இன்செர்ட் என்ற கட்டளையாகப் பழையது உள்ளே இருந்தது. திரையில் எதை நகர்த்தினாலும், கட்டளை வரியில் பெயரைத் தட்டினால் வேலை நடக்கும் என்ற உறுதி எங்களுக்கு இருக்கிறது. எங்கள் தலைமை வரைவாளர் மவுஸை விடக் கட்டளை எழுத்துகளையே நம்புகிறார். நாற்பது வயதைக் கடந்த பலரும் அப்படித்தான்.

அந்த உறுதி எட்டாத இடமும் உண்டு. 2009 பதிப்பில் ரிப்பன் என்ற அகன்ற பொத்தான் பட்டை வந்தபோது பழைய கருவிப்பட்டைகளுடன் கூடிய ‘கிளாசிக்’ பணித்தளத்தையும் உடன் வைத்திருந்தார்கள். 2015 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு பட்டையாகத் திரும்பக் கட்டி, அந்தக் கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் படியெடுத்தோம். இன்றும் புதிய பதிப்பு நிறுவினால் முதல் வேலை அந்தக் கோப்பை ஏற்றுவதுதான்.

காட்சிக்கலை மாணவி

மதிப்பிற்குரிய ஐயா, நான் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி. உங்கள் மனவருத்தம் புரிகிறது; ஆயினும் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

நான் 2022இல்தான் ஃபோட்டோஷாப் கற்றேன். ஷிஃப்டைப் பிடிக்காமல் இழுத்தாலே படத்தின் விகிதம் காக்கப்படுவது எனக்கு இயல்பாகவே பட்டது. ஒரு புகைப்படத்தை நசுக்க வேண்டிய தேவை நூற்றில் ஒரு முறைகூட வருவதில்லை. அப்படியிருக்க, அடிக்கடி தேவைப்படும் செயலுக்கு ஒரு விசையைக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்வதும், அரிதாகத் தேவைப்படும் செயலை விசையே இல்லாமல் விடுவதும் பொருத்தமாகத் தெரியவில்லை. கன்ட்ரோல்-இசட்டும் அப்படித்தான். வேர்டிலும் எக்செலிலும் பலமுறை அழுத்தினால் பல படிகள் பின்னே போகும் ஒரு விசை, இங்கே மட்டும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தால் முதன்முதலாக வருபவர் திகைத்துப் போவார்.

ஏற்கெனவே பழகியவர்களின் விரல்களுக்காக ஒரு தவறான விதி என்றென்றைக்கும் நீடிக்க வேண்டுமா? இனி கற்க வருபவர்கள் ஏற்கெனவே கற்றவர்களைவிட எண்ணிக்கையில் மிகுதியாக இருப்பார்கள் அல்லவா? குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்கிறேன்.

கோடும்வண்ணமும்

தங்கை, நன்றாகக் கேட்டீர்கள். வெறும் காகிதத்தில் இன்று புதிதாக விதி எழுதச் சொன்னால் நானும் நீங்கள் சொன்னதைத்தான் எழுதுவேன். புதிய விதி பழையதைவிடச் சிறந்தது என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. விதி சிறந்ததா என்பது ஒரு கேள்வி. அதற்கு மாறும்போது ஏற்படும் சேதத்தை யார் தலையில் கட்டுவது என்பது வேறொரு கேள்வி. நான் கேட்பது இரண்டாவதை.

அந்த மாற்றம் எப்படி வந்தது என்பதைச் சற்றே விரித்துச் சொல்கிறேன். 2018 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் படங்களும் எழுத்துகளும் உள்ள லேயர்களுக்கு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் தளங்களுக்கு, புதிய விதி. கோடுகளால் வரையும் வெக்டர் வடிவங்களுக்கும் பாதைகளுக்கும் பழைய விதியே. ஓர் அழைப்பிதழில் பிள்ளையார் படம் ஒரு லேயர், அதைச் சுற்றிய வளைவு வடிவம் இன்னொரு லேயர். ஒன்றை இழுக்கும்போது ஷிஃப்டை விட வேண்டும், அடுத்ததை இழுக்கும்போது பிடிக்க வேண்டும். எதைத் தொடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் யோசித்துவிட்டு விரலை வைக்க வேண்டியிருந்தால், ஷார்ட்கட் இருந்தும் பயனில்லை. எல்லா லேயர்களுக்கும் ஒரே விதி என்ற நிலை 2019 நவம்பர் பதிப்பில்தான் வந்தது. வடிவங்களோடு வேலை செய்பவர்களுக்கு அது மற்றொரு தலைகீழ் மாற்றமாக வந்து சேர்ந்தது. மேல் பட்டையில் சங்கிலி போன்ற சிறு பொத்தான் ஒன்றும் இருக்கிறது. அது தெரியாமல் அணைந்துவிட்டால் ஷிஃப்டின் பொருள் மறுபடியும் புரண்டுவிடும்.

பழைய முறைக்குத் திரும்ப முதலில் தரப்பட்ட வழி என்ன தெரியுமா? நோட்பேடில் ஓர் உரைக்கோப்பைத் திறந்து, ‘ட்ரான்ஸ்ஃபார்ம் ப்ரொபோர்ஷனல் ஸ்கேல் 0’ என்ற வரியை எழுத்துப் பிசகாமல் ஆங்கிலத்தில் தட்டி, குறிப்பிட்ட பெயரில், அமைப்புகள் இருக்கும் மறைவான கோப்புறைக்குள் வைக்க வேண்டும். எங்கள் தெருவில் வடிவமைப்புத் தொழில் செய்யும் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்திருப்பார்கள்? பின்னர் ப்ரிஃபரன்ஸ் பகுதியில் ‘யூஸ் லெகசி ஃப்ரீ ட்ரான்ஸ்ஃபார்ம்’ என்ற பெட்டியே வந்துவிட்டது. கன்ட்ரோல்-இசட்டுக்கு எடிட் மெனுவின் கீபோர்டு ஷார்ட்கட்ஸ் சாளரத்தில் ‘யூஸ் லெகசி அன்டூ ஷார்ட்கட்ஸ்’ என்ற தேர்வு உள்ளது. அதைத் தெரிவு செய்தபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். இன்னும் திண்டாடுபவர்கள் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். அந்தப் பெட்டி முதல் நாளிலேயே, புதிய பதிப்பைத் திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் இருந்திருந்தால், தங்கை, இந்த இழையை நான் தொடங்கியிருக்கவே மாட்டேன்.

பக்கவடிவம்

நான் இதழ்களுக்கும் நூல்களுக்கும் பக்கம் கட்டுபவன். பேஜ்மேக்கரில் தொடங்கி இன்டிசைனுக்கு வந்தவன் என்பதால், மாற்றத்தின் இரு முகங்களையும் பார்த்திருக்கிறேன்.

நல்ல முகத்தை முதலில் சொல்கிறேன். ஆல்டஸ் நிறுவனம் 1985இல் வெளியிட்ட பேஜ்மேக்கரின் கடைசிப் பெரும்பதிப்பு 2001இல் வந்த 7.0. அதிலிருந்து இன்டிசைனுக்கு மாறச் சொன்னபோது, பேஜ்மேக்கர் 7.0இன் ஷார்ட்கட் விசைகளை ஒரே தேர்வில் அமைத்துக்கொள்ளும் வசதியை உள்ளேயே வைத்திருந்தார்கள். குவார்க் எக்ஸ்பிரஸ் என்ற மற்றொரு பக்க வடிவமைப்பு மென்பொருளிலிருந்து வருபவர்களுக்கும் தனித் தொகுப்பு இருந்தது. மென்பொருளே வேறு, ஆனாலும் கைகளுக்கு மரியாதை இருந்தது. நான் ஓராண்டு அந்தப் பழைய தொகுப்போடு வேலை செய்துவிட்டு, என் வசதிக்கு ஏற்ற ஒரு நாளில், நானாகவே புதிய தொகுப்புக்கு மாறினேன்.

தமிழுக்கு நேர்ந்த நன்மையையும் மறைக்கக் கூடாது. யூனிகோட் தமிழை இந்த மென்பொருள்களில் ஒட்டினால் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ககரத்துக்கு முன்னே வராமல் பின்னே போய் நின்ற காலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களை நாம் நெடுங்காலம் கைவிடாமல் இருந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். எழுத்துகளைக் கோக்கும் உட்பொறி மாறியதால்தான் இன்று ஒரு கட்டுரையை மின்னஞ்சலிலிருந்து எடுத்து நேரே பக்கத்தில் ஊற்ற முடிகிறது. மாற்றமே வேண்டாம் என்று எல்லாரும் நின்றிருந்தால் இன்றும் குறியாக்க மாற்றிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்போம். மாணவித் தங்கையின் பக்கம் இந்த அளவுக்கு நியாயம் உண்டு.

இப்போது மறுமுகம். விசையின் பொருள் மாறுவதாவது கைக்கு இடைஞ்சல். சில மாற்றங்கள் ஏற்கெனவே முடித்து வைத்த வேலையையே தொட்டுவிடுகின்றன. 1984இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுப் பக்க மொழியோடு பிறந்த டைப் 1 எழுத்துருக்களை, ஃபோட்டோஷாப்பையும் இன்டிசைனையும் தயாரிக்கும் அடோபி தன் மென்பொருள்களில் 2023 ஜனவரியோடு ஆதரிப்பதை நிறுத்தியது. ஃபோட்டோஷாப்பில் 2021லேயே நிறுத்திவிட்டது. பிடிஎஃப்பில் பதிந்துவிட்ட எழுத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த எழுத்துருவில் கட்டிய ஒரு நூலின் மறுபதிப்புக்காக மூலக்கோப்பைத் திறந்தால் எழுத்துரு காணவில்லை என்ற அறிவிப்புதான் வரும். மாற்று எழுத்துருவைப் போட்டால் வரிகள் ஓடி, பக்க எண்கள் மாறி, பின்னிணைப்பில் உள்ள சொல்லடைவு முழுவதும் பொய்யாகிவிடும். இரண்டாண்டு முன்னறிவிப்புக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அது நியாயமான நடைமுறை.

பான்டோன் வண்ணங்களின் கதை இன்னும் கடுமையானது. அச்சகத்தில் கலந்து வைக்கும் தனி மையை எண்ணால் குறிக்கும் அந்த வண்ணத் தொகுப்புகள் பல ஆண்டுகளாக மென்பொருளுக்குள்ளேயே இருந்தன. அடோபிக்கும் பான்டோனுக்கும் இடையிலான உரிம ஏற்பாடு மாறியதால், 2022 நவம்பருக்குப் பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சந்தா கட்ட வேண்டும் என்றாயிற்று. பழைய ஃபோட்டோஷாப் கோப்புகளைத் திறந்தவர்கள் அந்த வண்ணங்கள் இருந்த இடத்தில் கருப்பைக் கண்டார்கள். வடிவமைத்தவர் எந்த மாற்றமும் செய்யவில்லை, கோப்பும் மாறவில்லை, இருந்தும் வண்ணம் இல்லை. இரு நிறுவனங்களின் பேச்சுவார்த்தை முறிவதற்கு என் பழைய கோப்பில் உள்ள சிவப்பு ஏன் ஈடு கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கு இன்னும் நிறைவான விடை கிடைக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு தனி வண்ணத்துக்கும் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு அடிப்படை மைகள்) அளவுகளையும் சேர்த்து, கோப்புக்கு வெளியே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கிறேன்.

நிரலாளி

நான் வேறொரு துறையில் மென்பொருள் எழுதுபவன். ஆகவே கட்டுபவர்களின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இது யாருக்கும் வக்காலத்து இல்லை.

பழையதையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது எளிது. ஆனால் ஒவ்வொரு பழைய தேர்வும் சோதனைகளை இரட்டிப்பாக்கும். பத்துத் தேர்வுகள் இருந்தால், ஒவ்வொன்றும் இரு நிலையில் இருக்கக்கூடும் என்பதால், ஆயிரத்துக்கு மேற்பட்ட சேர்க்கைகள் உருவாகும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்க்க எந்தக் குழுவாலும் முடியாது. சில மாற்றங்கள் அவர்கள் விருப்பத்தில் வருபவையும் அல்ல. 2021 மே மாதம் ஃபோட்டோஷாப் 22.4 பதிப்பில் ‘சேவ் ஆஸ்’ பட்டியலிலிருந்து ஜேபெக் போன்ற வடிவங்கள் மறைந்து ‘சேவ் எ காப்பி’ என்ற தனிக் கட்டளைக்குப் போனது பலருக்கு நினைவிருக்கும். ஆப்பிள் தன் இயங்குதளத்தில் செய்த மாற்றத்தில் தொடங்கியது அது. இரு தளங்களிலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று விண்டோஸுக்கும் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில வாரங்களிலேயே பழைய ‘சேவ் ஆஸ்’ முறையைத் திரும்பப் பெறும் தேர்வு வந்துவிட்டது.

இதே சண்டை கட்டற்ற மென்பொருள் உலகிலும் நடந்தது. 2012இல் வந்த கிம்ப் 2.8 என்ற படம் திருத்தும் மென்பொருள், ‘சேவ்’ என்றால் தன் சொந்த எக்ஸ்சிஎஃப் வடிவம் மட்டும், ஜேபெக்கும் பிஎன்ஜியும் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ என்று பிரித்தது. லேயர்களோடு உள்ள வேலையை அறியாமல் ஜேபெக்காகச் சேமித்து இழந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம், நோக்கம் சரியே. ஆனால் ஒரு ஜேபெக்கைத் திறந்து, ஓரத்தை வெட்டி, மறுபடி ஜேபெக்காக வைக்க நினைத்தவர்கள் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுந்தார்கள். ஆகவே வணிக நிறுவனம் என்பதால் மட்டும் இது நேர்வதில்லை.

சரியாகக் கையாளப்பட்ட ஒன்றையும் சொல்கிறேன். முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் பொருள்களைத் தேர்ந்தெடுப்பது நெடுங்காலமாக வலது சொடுக்கில்தான். உலகமே இடது சொடுக்கில் இருக்கும்போது இது மட்டும் ஏன் என்று புதியவர்கள் தவித்தார்கள். 2019 ஜூலையில் வந்த 2.8 பதிப்பு இடது சொடுக்கை இயல்பு நிலையாக்கியது. தொடக்கப் பதிவில் அண்ணா சொன்ன அதே தலைகீழ் மாற்றம். ஆனால் முதன்முறை திறக்கும்போதே, எந்தச் சொடுக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும், எந்த விசைத் தொகுப்பு வேண்டும் என்று திரை நடுவிலேயே கேட்டார்கள், பழைய 2.7 விசைத் தொகுப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. புதியவர் ஒன்றும் அறியாமலேயே கடந்து போகலாம். பழகியவர் ஒரு சொடுக்கில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஒற்றைச்சாளரம்

இணைய உலாவியில் வேலை செய்பவர்களின் நிலைமையை யாரும் சொல்லவில்லை. செயலி இடைமுகங்கள் வரையும் எங்களுக்கு ஃபிக்மாதான் மேசை. 2024 ஜூனில் அதன் புதிய தோற்றத்தை அறிவித்தார்கள். மேலே இருந்த கருவிப்பட்டை கீழே வந்தது, ஓரங்களில் ஒட்டியிருந்த பலகைகள் மிதக்கத் தொடங்கின. மிதக்கும் பலகைகள் வேலை செய்யும் பரப்பைத் தின்கின்றன என்று பலரும் எழுதினார்கள். அதன் பிறகு பலகைகளைப் பழையபடி ஓரத்தில் பொருத்திவிட்டார்கள். ஆகவே எழுதினால் கேட்கிறார்கள் என்பதற்கு இது ஒரு சான்று. கருவிப்பட்டை மட்டும் கீழேயே நின்றுவிட்டது.

எனக்குக் கவலை தருவது வேறு. கணினியில் நிறுவிய மென்பொருள் என்றால், பிடிக்காத பதிப்பை ஏற்றாமல் பழையதிலேயே இருக்கலாம். அடோபியின் சிஎஸ்6 பதிப்பை 2012இல் வாங்கியவர்கள் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்கள். 2013 மே மாதத்தில் அடோபி இனிச் சந்தா மட்டுமே என்று அறிவித்தபோதே அந்தக் கதவு பாதி மூடியது. உலாவியில் இயங்கும் கருவிக்கு அந்தக் கதவே கிடையாது. இரவு படுக்கும்போது ஒரு மேசை, காலையில் வேறொரு மேசை. ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடிய வலிமை கூடும்போது, கேட்டுவிட்டு மாற்றும் கடமையும் அதே அளவுக்குக் கூட வேண்டும் என்று கருதுகிறேன்.

கோடும்வண்ணமும்

ஒவ்வொருவருக்கும் நன்றி. நிரலாளி தம்பி சொன்ன பிளெண்டர் செய்தி எனக்குப் புதியது. நான் கேட்பது ஏற்கெனவே ஓரிடத்தில் நடந்திருக்கிறது என்று அறியும்போது கேட்பதற்குத் துணிவு வருகிறது. சோதனைச் சுமையையும் ஏற்கிறேன். எல்லாப் பழைய தேர்வுகளையும் காலமெல்லாம் சுமக்கச் சொல்வது நியாயமன்று.

என் கடையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த மென்பொருள் என்பதைச் சொல்லப்போவதில்லை. வைகாசி முகூர்த்தங்கள் நெருக்கி வந்த ஒரு வாரத்தில், என் கணினியில் ஒரு மென்பொருள் இரவில் தானாகவே புதுப்பித்துக்கொண்டது. மறுநாள் காலையில் ஓர் அழைப்பிதழுக்கான இறுதிக்கோப்பை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். வழக்கமான விசையைத் தட்டினேன். வழக்கமான சாளரம்தான் வந்தது, ஆனால் அதிலுள்ள தேர்வுகளின் வரிசை மாறியிருந்தது. என் கண் படிக்கவில்லை, கை பழைய இடத்தில் சொடுக்கிவிட்டது. ஓரங்களில் வெட்டுக்கான மிகுதி இல்லாத கோப்பு அச்சுக்குப் போயிற்று. முன்னூறு அட்டைகள் வெட்டிய பிறகுதான் தெரிந்தது. காகிதமும் அச்சுக்கூலியும் என் கணக்கில் போயின. அதைவிட, ‘இத்தனை வருஷமா உங்ககிட்டதானே வர்றோம்’ என்று அந்தப் பெண்ணின் தந்தை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. சரிபார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆயிரம் முறை ஒரே இடத்தில் இருந்த ஒன்றை ஆயிரத்து ஒன்றாவது முறை படித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் கைத்தேர்ச்சி என்பதன் பொருளே. அந்தத் தேர்ச்சி இருப்பதால்தான் ஒரு நாளில் நாற்பது பக்க ஆல்பத்தை முடிக்க முடிகிறது.

அன்று முதல் தானியங்கிப் புதுப்பிப்பை எல்லாக் கணினிகளிலும் நிறுத்திவிட்டேன். முகூர்த்தம் இல்லாத மார்கழியில் மட்டும் புதிய பதிப்பை ஏற்றுகிறோம். அதுவும் முதலில் ஒரு கணினியில், பழைய பதிப்பை நீக்காமல்.

மென்பொருள் நிறுவனங்களின் கருத்துப் பக்கங்களில் நாம் தனித்தனியே கோபமாக எழுதுவதைவிட ஒரே கோரிக்கையை எழுதலாம் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே பொருள் உள்ள ஒரு விசைக்கு எதிர்ப்பொருள் தருவதானால், புதிய பதிப்பை முதன்முறை திறக்கும்போதே பயனரைக் கேட்க வேண்டும். பழைய முறை குறைந்தது இரண்டு பெரும்பதிப்புகள் வரைக்குமாவது தேர்வாக நீடிக்க வேண்டும். அது நீக்கப்படும் நாளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பழைய கோப்புகளைத் தொடும் மாற்றமானால், பக்கவடிவம் ஐயா சொன்ன டைப் 1 போல, ஆண்டுக்கணக்கில் முன்னறிவிப்பு வேண்டும். இதில் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் சொல்லுங்கள்.

காட்சிக்கலை மாணவி

ஐயா, அழைப்பிதழ் நிகழ்வைப் படித்துவிட்டு நெடுநேரம் எழுதத் தோன்றவில்லை. இயல்புநிலை எது என்ற வினாவில் என் கருத்து மாறவில்லை; ஆனால் திறக்கும்போதே கேட்பதால் புதியவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை என்பதால் உங்கள் கோரிக்கையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டுகிறேன். அந்தத் தேர்வுக்கு ‘லெகசி’ என்று பெயர் வைக்காமல், அது என்ன செய்யும் என்பதையே பெயராக வைக்கச் சொல்லலாம். ‘ஷிஃப்டைப் பிடித்தால் விகிதம் காக்கப்படும்’ என்று எழுதியிருந்தால் நான்கூட ஒரே பார்வையில் புரிந்துகொள்வேன். ‘லெகசி’ என்ற சொல்லுக்கு எந்த ஆண்டின் பழைமை என்று புதியவர்களுக்குத் தெரியாது. ஆங்கில வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். நாளை மாலைக்குள் இங்கே ஒட்டுகிறேன்.

பக்கவடிவம்

பெயர் பற்றிய கருத்து மிகச் சரி. வண்ணத் தொகுப்புகளையும் எழுத்துருக்களையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள், அம்மா. கோப்பைத் திறக்கும்போது ஒரு வண்ணம் கிடைக்கவில்லையென்றால் கருப்பைக் காட்டாமல், கடைசியாகத் தெரிந்த சிஎம்ஒய்கே அளவைக் காட்டட்டும்.

வரைபடக்காரன்

நானும் கையெழுத்திடுகிறேன். இன்று மதியம் எங்கள் அலுவலகத்தின் ஒன்பது கணினிகளிலும் ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட் மாறியை ஒவ்வொருவரிடமும் கேட்டே அமைத்தேன். ஏழு பேர் 0 கேட்டார்கள். அண்மையில் சேர்ந்த இருவர் புதிய முறைக்கான 1 இருக்கட்டும் என்றார்கள், அப்படியே விட்டிருக்கிறேன்.